உறைந்த ஏரியில் ட்ரவுட் பிடிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் உறைந்த ஏரியில் எனக்கு 30 அடி தள்ளி ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அன்று மைனஸ் 24 டிகிரி. அவருக்கு நல்ல ட்ரவுட் மீன் ஒன்று மாட்டியது. திரும்ப விடத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் அதைப் பனிமேல் கிடத்திவிட்டு, கையுறையைக் கழற்றி, போனைத் தேட ஆரம்பித்தார். நான் எழுந்து போய்ச் சேர்வதற்குள் மீனின் கண்ணில் வெள்ளையாகப் படலம் விழுந்துவிட்டது.

என் முதல் குளிர்காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கனமான உடை போடுங்கள், தனியாகப் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது, அதை விட்டுவிடுகிறேன்.

ஆழத்தைத் தேடி ஓடுவது

தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனமாக இருக்கும், அதனால் அடியில் தங்கும். பனிக்கட்டியை ஒட்டிய தண்ணீரோ கிட்டத்தட்ட 0 டிகிரி. அப்படியானால் மீனெல்லாம் கதகதப்பான அடியில்தானே இருக்கும் என்று நினைத்து, இரண்டு பருவம் 10 மீட்டர் ஆழத்தில் தூண்டில் போட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ரெயின்போ ட்ரவுட் இரை தேடிக் கரையோரம் வரும். 1 முதல் 3 மீட்டர் ஆழமுள்ள இடங்களில், பல சமயம் பனிக்கட்டிக்குக் கையெட்டும் தூரத்திலேயே சுற்றும். ஆழம் குறைந்த இடத்தில் வாளியை இழுத்தால்கூட மீன் மிரளும். தூண்டிலை இறக்கப் பனிக்கட்டியில் போடும் துளைகளையெல்லாம் முதலிலேயே போட்டுவிட்டு, அப்புறம் அசையாமல் உட்காருங்கள்.

வியர்ப்பது

எல்லா உடையையும் போட்டுக்கொண்டு நடந்து, அதோடு துளையும் போட்டால் உள்ளே நனைந்துவிடும். உட்கார்ந்த கால் மணி நேரத்தில் அந்த ஈரம் நடுக்கத்தைக் கொண்டுவரும். நடக்கும்போதும் துளை போடும்போதும் மேல்கோட்டைக் கழற்றிவிடுங்கள். லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரி.

விடப்போகிற மீனைப் பனிமேல் கிடத்துவது

எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது.

மீனின் செவுளைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சீப்புப் பல் மாதிரி சிவப்பு இழைகள் வரிசையாக இருக்கும். தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போக வேண்டும் என்பதால் அவற்றின் தோல் அவ்வளவு மெல்லியது. மைனஸ் 20-க்குக் கீழே, அதுவும் காற்று வீசினால், அந்த ஈர இழைகள் உறையத் தொடங்க அதிக நேரம் ஆகாது. மீனுக்கு இமையும் இல்லை, கண்ணும் அப்படியே உறையும். உடம்பைக் காக்கும் வழவழப்பு பனியில் ஒட்டிக்கொண்டு போய்விடும்.

நான் விட்ட முதல் மீன் வாலை இரண்டு முறை அடித்துவிட்டு உள்ளே போனது. பிழைத்துவிட்டது என்று நிம்மதியானேன். அன்று பனிக்கட்டி கண்ணாடி மாதிரி இருந்தது, மேலே பனித்தூளே இல்லை. பத்து நிமிடம் கழித்துக் குனிந்தால், என் பூட்ஸுக்கு நேர் கீழே அந்த மீன். வெள்ளை வயிறு பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் உரசிக்கொண்டிருக்க, செவுள் மூடி மட்டும் மெல்லத் திறந்து மூடியது. நடுவில் அரையடிப் பனிக்கட்டி. ஒன்றும் செய்ய முடியவில்லை. நீந்திப் போவதும் பிழைப்பதும் ஒன்றல்ல என்று அன்று புரிந்தது.

வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதைத் தூண்டில் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். வைத்துக்கொள்வதென்றால் உடனே தலையில் ஒரே அடி, துடிக்க விடக் கூடாது. விடுவதென்றால் மீனைத் துளையை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம். முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றி, வெறுங்கையைத் தண்ணீரில் நனைத்து, மீனின் தலை தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி பிடித்துக்கொண்டு குறடால் தூண்டில் முள்ளைத் திருகி எடுங்கள். முள் கழன்றுவிடாமல் இருக்க அதன் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை முன்கூட்டியே நசுக்கி வைத்திருந்தால் ஒரு நொடி வேலை. கை வலிக்கும், பக்கத்தில் துண்டு இருக்கட்டும். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள், தூண்டில் நரம்பை முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டிவிடுங்கள். படம் வேண்டுமா? மீன் துளைக்குள் இருக்கும்போதே எடுங்கள். அந்தக் கறுப்புத் தண்ணீரில் ட்ரவுட்டின் புள்ளிகள் தெரிகிற அழகு பனிமேல் வராது.

கரையோரம் மட்டும் அளந்து பார்ப்பது

தெளிவான பனிக்கட்டி என்றால் நடப்பதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். வெள்ளையாக இருந்தால் பலம் ஏறக்குறைய பாதிதான், ஆகவே இரண்டு மடங்கு கேளுங்கள். ஓடை வந்து சேரும் இடத்தில் தடிமன் சட்டென்று குறையும். எவ்வளவு குளிராக இருந்தாலும் போகப் போகத் துளை போட்டுப் பாருங்கள்.

மூடிய கூடாரத்தில் அடுப்பு

மேலும் கீழும் காற்றுக்கு வழி விடாமல் பற்றவைக்காதீர்கள். அடுப்பிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

தூண்டில் கோலில் நரம்பு ஓடும் வளையத்தில் உறைந்த பனியைத் தட்டி உடைப்பது

நுனி முறியும். தண்ணீரில் முக்கி எடுங்கள், இளகிவிடும்.