பேஸ்மென்ட் சுவரை ஸ்லாப் தாங்கும்படி டிசைன் செய்வது எப்படி?

பேஸ்மென்ட் சுவரை மண் எப்போதும் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே தரைத்தள ஸ்லாபும் கீழே ராஃப்டும் (கட்டடம் முழுவதற்கும் அடியில் போடும் அஸ்திவார ஸ்லாப்) பிடித்துக்கொண்டால் சுவரின் கனம் குறையும், கம்பியும் குறையும். ஆனால் ஸ்லாப் வாங்கிய விசை எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

1. மண் அழுத்தம்: மேலும் கீழும் பிடிபட்ட சுவர் நகராது. அதனால் மண் அழுத்தத்துக்கு, சுவர் சற்று நகரும்போது பொருந்தும் ஆக்டிவ் குணகம் 0.33 போதாது, நகராத சுவருக்கான அட்-ரெஸ்ட் குணகம் 0.5 எடுங்கள் (மண்ணின் உராய்வுக் கோணம் 30° என்றால்). உயரம் 3 மீ, மண் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன், வெளியே வண்டி நிற்க ச.மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என வைப்போம். ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு மேலே ஸ்லாப் தாங்க வேண்டியது 21, கீழே ராஃப்ட் தாங்க வேண்டியது 34.5 கிலோநியூட்டன். நிலத்தடி நீர் இருந்தால் நீரழுத்தம் தனி.

2. சுவர்: மொமென்ட் (சுவரை வளைக்கும் விளைவின் அளவு) நடுவாக்கில் சுமார் 21 கிலோநியூட்டன்-மீட்டர். இழுபடுவது அறைப் பக்க முகம். முக்கியக் கம்பி அங்கே.

3. ஸ்லாப்: அந்த 21 கிலோநியூட்டனால் 125 மி.மீ. கனத்துக்கு அழுத்தம் 0.17 நியூட்டன்/ச.மி.மீ. மட்டுமே. காங்கிரீட்டுக்கு இது பொருட்டே இல்லை. எதிர்ச்சுவரிலும் அதே அளவு மண் இருந்தால் இரண்டும் சமன். மலைச்சரிவு வீட்டில் ஒரு பக்கம்தான் மண். அங்கே ஸ்லாப் படுக்கைவாட்டு பீம் போல வேலை செய்து, விசையைக் குறுக்குச் சுவர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டடம் மொத்தமாகச் சறுக்குமா என்றும் பாருங்கள்.

4. திறப்புகள்: சுவரை ஒட்டி 4 மீ படிக்கட்டுத் திறப்பு இருந்தால் அங்கே சுவருக்கு ஸ்லாபின் பிடி இல்லை. அந்த விசையைத் திறப்பின் ஓர பீம்தான் தாங்கிப் பக்கவாட்டில் வளையும்: 31.5 × 4² ÷ 8 = 63 கிலோநியூட்டன்-மீட்டர் (21-ஐப் பாதுகாப்புக்காக 1.5 ஆல் பெருக்கியது 31.5). முடிந்தால் ஆர்க்கிடெக்ட்டிடம் பேசிப் படியை நகர்த்துங்கள்.

5. இணைப்பு: சுவர்க் கம்பியை ஸ்லாபுக்குள் வளைத்து முழு டெவலப்மென்ட் நீளம் (கம்பி காங்கிரீட்டில் நழுவாமல் பிடிக்கத் தேவையான நீளம்) கொடுங்கள்.

6. மண் நிரப்புதல்: ஸ்லாப் போடும் முன் நிரப்பினால் சுவர் கான்டிலீவர் ஆகிவிடும், அதாவது அடியில் மட்டுமே பிடி இருக்கும். ஆக்டிவ் அழுத்தம் என்று குறைத்து எடுத்தாலும் அடியில் மொமென்ட் 42, அதாவது இரண்டு மடங்கு. இழுபடுவதும் மண் பக்க முகம். நாம் கம்பி குறைத்த இடம். “ஸ்லாப் பலம் பெறும் வரை மண் நிரப்பக் கூடாது” என்று டிராயிங்கில் பெரிதாக எழுதுங்கள்; சைட் மேஸ்திரியிடம் நேரிலும் சொல்லுங்கள்.