ஹெட்போன் ஓட்டும் ஆப்-ஆம்ப் ஏன் இவ்வளவு சுடுகிறது?

என்இ5532 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறிய ஐசி, உள்ளே இரண்டு சேனல்) வைத்து ஒரு ஹெட்போன் ஆம்ப் கட்டினேன். சப்ளை ±12 வோல்ட். பாட்டு நன்றாகவே வந்தது, ஆனால் ஐசி மேல் விரல் வைக்க முடியவில்லை. கணக்குப் போட்டதும் காரணம் தெரிந்துவிட்டது. பிரெட்போர்டு, பின் இணைப்பெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதலில் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று பாருங்கள். 32 ஓம் ஹெட்போனில் உச்சம் 0.8 வோல்ட் என்றால் 25 மில்லிஆம்பியர். காதுக்கு அதுவே அதிகம்.

2. ஐசி அதைத் தருமா? டேட்டாஷீட்டில் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் 38 மில்லிஆம்பியர் என்று இருக்கும். அதே வரியில் குறைந்தபட்சம் 10 என்றும் போட்டிருப்பார்கள், அதையும் படியுங்கள். 38 என்பது உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் பிடித்து நிறுத்தும் இடம். அதை நெருங்கும்போதே அலையின் உச்சி தட்டையாகிவிடும். சோதிக்க ஹெட்போனை மாட்டாதீர்கள், 33 ஓம் ரெசிஸ்டர் போதும். இந்த வேலைக்கு டிஎல்072 என்ற இன்னொரு ஆப்-ஆம்ப் பக்கம் நான் போகவே மாட்டேன்.

3. இனி வெப்பம். பலரும் 0.8 வோல்ட்டை 25 மில்லிஆம்பியரால் பெருக்கி, 20 மில்லிவாட்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அது ஹெட்போனுக்குப் போகும் சக்தி. ஐசிக்குள் விழுவது மிச்சமிருக்கும் 11.2 வோல்ட். அதை 25-ஆல் பெருக்கினால் உச்சத்தில் 280 மில்லிவாட்! லோடு, அதாவது ஹெட்போன், கொஞ்சமாகத்தான் தின்கிறது, மீதி முழுவதும் சிப்பின் தலையில்.

சைன் அலைக்குச் சராசரி எடுப்போம். உச்ச மின்னோட்டத்தை π-ஆல் (3.14) வகுத்தால் ஒவ்வொரு சப்ளையிலும் சுமார் 8 மில்லிஆம்பியர். இரண்டு சப்ளைக்கும் சேர்த்து 191 மில்லிவாட். லோடுக்குப் போகும் 10-ஐக் கழித்தால் 181. இரண்டு சேனலுக்கு 362. ஐசி சும்மா இருந்தாலே 8 மில்லிஆம்பியர் குடிக்கும், 24 வோல்ட்டில் அது 192. ஆக மொத்தம் ஏறக்குறைய 0.55 வாட்.

4. எட்டு கால் டிப் பொதிக்கு (இருபுறமும் கால் வரிசை உள்ள ஐசி உறை) வாட்டுக்கு 85 டிகிரி என்று வையுங்கள். 47 டிகிரி ஏறும். அறை 35 என்றால் சிப்பின் உள்ளே 82. எல்லை 150 என்பதால் எரியாது, ஆனால் மூடிய டப்பாவுக்குள் வைத்தால் இன்னும் ஏறும். (அளக்க எனக்குத் தெர்மோகப்பிள்தான் பிடிக்கும். மலிவான அகச்சிவப்புத் துப்பாக்கி ஐசியைவிடப் பெரிய வட்டத்தை அளந்து குறைத்துக் காட்டும்.)

5. ஹீட்சிங்க் தேட வேண்டாம், சப்ளையை ±5 வோல்ட்டாகக் குறையுங்கள். மேலே போட்ட அதே கணக்கு 0.22 வாட்டில் வந்து நிற்கும், ஏற்றம் 19 டிகிரிதான். 0.8 வோல்ட் உச்சத்துக்கு ±5 தாராளம்.

பின்சேர்க்கை: லோடே இல்லாமல் சுடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பெரும்பாலும் ஆசிலேஷன், அதாவது உள்ளீடே இல்லாமல் ஐசி தானாக அதிர்வது. சப்ளை பின்களுக்கு ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள், வெளியீட்டில் கேபிளுக்கு முன் 47 ஓம். இன்னொருவர் இரண்டு ஆப்-ஆம்ப் வெளியீடுகளை நேராகச் சேர்த்திருந்தார். ஆஃப்செட் (உள்ளீடு இல்லாதபோதும் வெளியீட்டில் நிற்கும் சிறு வோல்ட்) வேறுபாட்டால் அவை ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வொன்றுக்கும் 10 ஓம் வைத்து அப்புறம் சேருங்கள். அதற்கும் மேல் மின்னோட்டம் வேண்டுமென்றால் பிடி139, பிடி140 டிரான்சிஸ்டர் ஜோடியை ஃபீட்பேக் வளையத்துக்குள் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் பாதை) வைப்பதே சரி.