யூனிஃபார்ம் காலர் டி-ஷர்ட்: ஆர்டர் எங்கே சறுக்குகிறது?

மதுரையில் பெட்ரோல் பங்க் முதல் பேக்கரி வரை பல இடங்களில் காலர் டி-ஷர்ட்தான் யூனிஃபார்ம். திருப்பூர் எட்டும் தூரத்தில் இருப்பதால், சரக்கு எடுத்து லோகோ போட்டு விற்க நிறையப் பேர் இறங்கிவிட்டார்கள். முதல் ஆர்டர் ரேட்டைப் பார்த்து வரும். இந்தத் தொழிலில் காசு நிற்பது இரண்டாவது ஆர்டரில். அதைக் கெடுக்கும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெரிய தவறு, யார் போடப்போகிறார்கள் என்று கேட்காமலே ரேட் சொல்வது. விலை குறைவு என்று பாலியஸ்டர் டிரை-ஃபிட்டை எல்லோரிடமும் தள்ளிவிடுகிறார்கள். ஏசி ஷோரூமுக்கு அது போதும். கப்பலூர் பட்டறையில் வெல்டிங் செய்பவருக்கும் பரோட்டாக் கல் முன்னால் நிற்பவருக்கும் அதைக் கொடுக்கவே கூடாது. பாலியஸ்டர் நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே முழுக் காட்டன்தான் கொடுக்க வேண்டும். வெல்டிங்குக்கு அதற்கு மேல் தோல் ஏப்ரனும் தேவை என்பதையும் சொல்லிவிடுங்கள். மே மாத வெயிலில் பங்கில் நிற்கிற பையன்களுக்குக் காட்டன் அதிகமாகக் கலந்த மேட்டி துணி (காலர் டி-ஷர்ட்டுக்கான ஒரு வகைப் பின்னல்), 200 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை, சரியாக இருக்கும். வியர்வையையும் உறிஞ்சும், தினமும் துவைத்தாலும் தாங்கும்.

அடுத்தது சைஸ். "எல்லாம் எம், எல்லுல போட்டுருங்கண்ணே" என்று முதலாளி போனில் சொல்வதை நம்பி துணியை வெட்டக் கூடாது. ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனியில் எக்ஸ்எல். சைஸுக்கு ஒன்றாக சாம்பிள் எடுத்துக்கொண்டு நேரே போய், போட்டுப் பார்க்கச் சொல்லி, பெயர் வாரியாக எழுதி வாங்குங்கள். பெண்களுக்கும் ஆண்கள் கட்டிங்கையே கொடுப்பது இங்கே பழக்கமாகிவிட்டது; தோள் தொங்கும், இடுப்பில் பிடிக்கும். புடவையோடு வேலைக்கு வருகிறவர்களுக்கு டி-ஷர்ட்டை விட ஓவர்கோட் மேல். அதைச் சொன்னால் அன்றைக்குக் கொஞ்சம் வியாபாரம் குறையும், குறையட்டும்.

லோகோவை வாட்ஸ்அப் படத்திலிருந்து எடுத்து அப்படியே எம்ப்ராய்டரிக்குக் கொடுத்தால் எழுத்து குழம்பிவிடும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே எழுத்து தெளிவாக வருவது கஷ்டம். தமிழில் இன்னும் சிக்கல்: புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, கடைப் பெயரே மாறிவிடும். போன் நம்பரை நெஞ்சில் தைக்கச் சொல்பவர்களிடம், முதுகில் பிரிண்ட் போடலாம் என்று சொல்லுங்கள். சூட்டில் சாயத்தைத் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் பிரிண்ட் காட்டனில் நிற்காது, அடர் நிறத்தில் தெரியாது. தைத்த சாம்பிளில் கையெழுத்து வாங்காமல் மொத்தத்தையும் ஓட்டவே வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பத்து பீஸ் கேட்பார்கள். அப்போதுதான் நிறம் காலை வாரும். சாயம் லாட்டுக்கு லாட், அதாவது ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும், மாறும். காலரும் உடல் துணியும் தனித்தனியாகப் பின்னப்படுவதால் அதிலும் வித்தியாசம் வரும். முதல் லாட்டில் ஒரு துண்டுத் துணியும் காலரும் எடுத்து வையுங்கள். எம்ப்ராய்டரி நூல் நம்பரையும் பில்லிலேயே குறித்துவிடுங்கள். ஓடுகிற சைஸில் சில பீஸ் கூடுதலாகவே தைத்து வைக்கச் சொன்னால் முதலாளிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. நேவி ப்ளூவில் வெள்ளைக் காலர் கேட்டால், முதலில் ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தீபாவளி, பொங்கலை ஒட்டித் தேதி கொடுக்காதீர்கள். திருப்பூரில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். இங்கேயோ அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு டி-ஷர்ட் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

கொட்டேஷனில் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம். அப்புறம், பாதித் தொகையாவது முன்பணமாக வாங்காமல் துணியை வெட்டாதீர்கள். இன்னொருவர் கடைப் பெயர் தைத்த டி-ஷர்ட் திரும்பி வந்தால் விளக்குத்தூண் பிளாட்பாரத்தில்கூட விலை போகாது.