கட்டக்கூடிய தவணை: பெங்களூரில் கடனை அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வங்கியிலிருந்து பேசுகிறவர் "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்கும்போது, பேச்சை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற தவிப்பில் "பன்னிரண்டாயிரம் கட்டிடறேன் சார்" என்று சொல்லிவிடுகிறோம். கையில் உண்மையில் மிஞ்சுவது ஏழாயிரமாக இருக்கும். கடனை அடைக்கும் திட்டங்கள் சில மாதங்களிலேயே முறிந்துபோவதற்கு, ஊதாரித்தனத்தைவிட இந்த ஐயாயிரம் ரூபாய் வெட்கமே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஆகவே இந்த வழிகாட்டியில் பணக் கணக்கையும் மனக் கணக்கையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

எவரிடமும் பேசுவதற்கு முன்னால் கடன்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுத வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கி, நிதி நிறுவனம், கிரெடிட் கார்டு, முறையான கடன் செயலி ஆகியவற்றின் பாக்கி அதில் தெரிந்துவிடும். மச்சானிடம் வாங்கிய கைமாற்று, எடுத்துவிட்ட சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய மாதங்கள், வட்டிக்கடைக்காரரிடம் இருக்கும் நகை, மளிகைக் கடைப் பற்று ஆகியவை எந்த அறிக்கையிலும் வராது. அவற்றை நீங்கள்தான் நினைவிலிருந்து எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அசல் பாக்கி, வட்டி விகிதம், தவணைத் தேதி, கட்டாவிட்டால் உடனே நடக்கக்கூடியது என நான்கு விவரங்கள் போதும். எழுதி முடித்துக் கூட்டிப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். ஆனால் மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்த தொகையைவிடத் தாளில் வந்த தொகை குறைவாக இருப்பதும் உண்டு, ஏனெனில் பயத்தில் ஒரே கடனை இரண்டு முறை எண்ணிவிடுகிறோம்.

அடுத்தது வீட்டுச் செலவு. ஸ்ரீராம்புரத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் பீனியாவில் ஒரு பட்டறையிலும் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறார்கள். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. வாடகை 9,500, மளிகை, பால், எரிவாயு 11,000, போக்குவரத்து 3,000, மின்சாரமும் தொலைபேசியும் 1,800, மருந்து 1,200, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 4,000, பிள்ளைகளின் படிப்பைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 4,000. ஆக 34,500 போக 11,500 மிஞ்சுகிறது. இந்த 11,500-ஐ அப்படியே தவணையாக ஒப்புக்கொள்வதுதான் எல்லோரும் விழும் பள்ளம். ஜூனில் பள்ளிச் சீருடை வரும், ஆடியில் ஊர்த் திருவிழா வரும், தீபாவளிக்குத் திருப்பத்தூருக்கோ தருமபுரிக்கோ பேருந்து ஏற வேண்டும், நடுவில் ஒரு கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும். மொய்யை நிறுத்திவிடு என்று எழுதுவது எளிது. ஊரோடு உள்ள உறவை ஓராண்டு அறுத்துக்கொண்டு கடன் அடைத்தவர்கள் இருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். மாதம் 2,500 ரூபாயை இதற்கென ஒதுக்கிவிட்டு, 9,000-ஐத்தான் தவணைக்கு உரிய மொத்தத் தொகையாகக் கொள்ள வேண்டும். ஆண்டிலேயே மோசமான மாதத்திலும் கட்ட முடிகிற தொகைதான் உங்கள் தவணை.

பெங்களூரில் பரவலாக இருக்கும் இன்னொரு கணக்கு லீஸ் வீடு. மாத வாடகை இல்லாமல் சில லட்சங்களை மொத்தமாக வீட்டு உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கும் குடும்பங்கள், அந்தப் பணத்தைச் சேமிப்பாகப் பார்க்கின்றன. அதே வேளையில் கிரெடிட் கார்டில் மூன்று லட்சம் பாக்கி ஓடிக்கொண்டிருக்கும். மாதம் 3.5 சதவீத வட்டியில் அந்த மூன்று லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 10,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 12,390 ரூபாய். சாதாரணமான ஒரு வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் தொகையை வங்கிக்குக் கொடுத்துக்கொண்டே வாடகை இல்லாமல் வாழ்வதாக நினைத்துக்கொள்வதில் பொருளில்லை. லீஸ் முடியும் தறுவாயில் இருந்தால், வாடகை வீட்டுக்கு மாறி அந்தப் பணத்தில் கார்டை அடைப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த குடித்தனம் வந்தால்தான் பணம் தருவேன் என்று உரிமையாளர் இழுத்தடிப்பது வழக்கம் என்பதால், பணம் வங்கிக் கணக்கில் வரும் தேதிக்கு முன்னால் கார்டுக்காரரிடம் எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம்.

கார்டின் 'மினிமம் டியூ'வை, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையை, தவணை என்று நம்பிவிடக் கூடாது. ஒரு லட்சம் ரூபாய் பாக்கிக்கு 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று கொள்வோம். மாதம் 3.5 சதவீத வட்டி 3,500, வரி 630. அசலில் குறைவது 870 ரூபாய் மட்டுமே. அதற்குமேல், முழுப் பாக்கியையும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. கார்டில் வாங்கிய அரிசிக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அதே ஒரு லட்சத்தை ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் 36 மாதக் கடனாக மாற்றிக்கொண்டால் தவணை ஏறக்குறைய 3,516 ரூபாய், மொத்த வட்டி 26,500 ரூபாய் அளவில் முடிந்துவிடும். கார்டு வங்கியிடமே நிலுவையைத் தவணையாக மாற்றித் தருமாறு கேட்கலாம். வீட்டில் நகை இருந்தால் நகைக்கடன் இதைவிடக் குறைந்த வட்டியில் கிடைப்பதும் உண்டு. எப்படி மாற்றினாலும் அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை அன்றே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கடன் இரண்டாகிவிடும்.

எதை முதலில் அடைப்பது என்ற கேள்விக்கு, வட்டி அதிகமுள்ளதை முதலில் என்பதே கணக்கின் பதில். ஆனால் தினமும் நான்கு முறை தொலைபேசியில் மிரட்டும் 18,000 ரூபாய்ச் செயலிக் கடன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அதை முதலில் முடித்துவிடுவதில் தவறில்லை. உறவினரின் கைமாற்றுக்கு வட்டி இல்லை என்பதால் அது பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். அங்கேயும் மாதம் ஐந்நூறு ரூபாயாவது அனுப்பி, "மச்சான், இந்த மாசம் இவ்வளவுதான், மறக்கலை" என்று ஒரு வார்த்தை சொல்வது, கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலை வராமல் காக்கும்.

வங்கியோடு பேசுவது

தவணை தவறுவதற்கு முன்னால் பேசுவது, தவறிய பின் பேசுவதைவிட எளிது. 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதன்பின் உங்களோடு பேசுகிறவர்களும் மாறிவிடுவார்கள். சம்பளச் சீட்டு, மேலே போட்ட வீட்டுச் செலவுக் கணக்கு, வேலை போனதற்கோ மருத்துவச் செலவுக்கோ ஆன சான்று ஆகியவற்றோடு, தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைக்குமாறு கிளைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக ஒருவர் ஒப்புக்கொண்டதை அவருக்கு அடுத்து வருகிறவர் தெரியாது என்று சொல்லிவிடலாம்.

ஒரே தொகையாகக் கட்டினால் பாதித் தொகையோடு முடித்துக்கொள்கிறோம் என்று செட்டில்மென்ட் பேச்சு வரும். அப்படி முடித்தால் கடன் அறிக்கையில் 'குளோஸ்டு' என்பதற்குப் பதிலாக 'செட்டில்டு' என்று பதிவாகும், அது பல ஆண்டுகள் நின்று அடுத்த கடனைத் தடுக்கும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது தவறான முடிவல்ல. ஆனால் வங்கியின் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள், முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். கடனைக் குறைத்துத் தருகிறோம், அதுவரை வங்கிக்குக் கட்டாமல் எங்களிடம் மாதக் கட்டணம் கட்டுங்கள் என்று விளம்பரம் செய்யும் இடைத்தரகர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் கட்டாமல் நிறுத்திய மாதங்களின் வட்டியும் அபராதமும் அவர்கள் தலையில் விழாது.

தனிநபர் கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே சிறைக்கு அனுப்பும் குற்றமாகாது. அது உரிமையியல் விவகாரம். ஆனால் கொடுத்த காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவும், கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் மின்னணு ஆணை பணமின்றித் திரும்பினால் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல், தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் வழக்குக்கு இடம் தருகின்றன. எனவே அந்தத் தேதிகளுக்கு முன்பே வங்கியிடம் பேசிவிட வேண்டும். வழக்கறிஞர் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பு நீதிமன்ற ஆணை அல்ல. நீதிமன்றத்திலிருந்து உண்மையான சம்மன் வந்தால் அதைப் புறக்கணிக்கவும் கூடாது. 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவியைக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்றும், உறவினர்களையும் நண்பர்களையும் தொல்லை செய்யக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அழைப்பு வந்தால் வாதாட வேண்டாம். "உங்க பேர், நிறுவனம், பாக்கித் தொகை சொல்லுங்க. மாசம் மூவாயிரம் கட்டுறதா வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். மத்தது எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க" என்ற மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதி வைத்துப் படித்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அழைப்பைத் துண்டித்துவிடலாம். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448.

கடன் செயலிகள் உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடமில்லை. படத்தை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால் பணம் கட்டி வாயை அடைக்கப் பார்க்காமல், உடனே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். மீட்டர் வட்டிக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அவமானப்படுத்துவதற்கு எதிராகக் கர்நாடகம் 2025-இல் நுண்கடன், சிறுகடன் (வற்புறுத்தல் நடவடிக்கைகள் தடுப்பு) சட்டம் என்ற தனிச் சட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. குற்றம் நிரூபணமானால் பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதில் வழி உண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது இந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

வீட்டுக்குள்ளே

கணவன் மனைவியிடமோ, மனைவி கணவனிடமோ மறைக்கும் கடன்தான் மிகக் கடுமையாக அழுத்துகிறது. சொல்வதற்குச் சம்பள நாளையும் சாப்பாட்டு நேரத்தையும் தவிர்த்து, பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரத்தில், அந்த ஒற்றைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது நல்லது. கேட்டவருக்குக் கோபம் வரும், வரட்டும். அன்றைக்கே தீர்வு கேட்காதீர்கள். ஊரிலிருக்கும் பெற்றோரிடம் முழுத் தொகையையும் சொல்ல வேண்டுமா என்பது வேறு கேள்வி. நிலத்தை விற்றுத் தருகிறேன் என்று அவர்கள் கிளம்பிவிடக்கூடும் என்றால், "கொஞ்சம் நெருக்கடி, சமாளிச்சுக்கிட்டு இருக்கேன்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

கடனைப் பற்றி நினைப்பதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கணக்கு, கடிதம், செயலியில் இருப்புப் பார்ப்பது எல்லாம் முடிந்துவிட வேண்டும். மற்ற நாட்களில் இரவு இரண்டு மணிக்கு எழும் எண்ணத்தை ஒரு சீட்டில் எழுதி ஞாயிறுக்கு ஒத்திப்போடப் பழகுங்கள். ஒரு மாதம் தவணை தவறினால் அடுத்த மாதம் இரண்டாகக் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்காமல், தவறிய தொகையைப் பல மாதங்களுக்குப் பிரித்துக் கட்ட அனுமதி கேளுங்கள்.

தூக்கம் போய்விட்டாலோ, குடி கூடிவிட்டாலோ, நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு நல்லது என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அன்றே அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்தச் சேவையின் தேசிய ஒருங்கிணைப்பு மையம் நம் ஊர் நிம்ஹான்ஸ்தான். ஓசூர் சாலையில் இருக்கும் அந்த மருத்துவமனைக்கு நேரிலும் போகலாம்.

கடைசித் தவணைக்குப் பிறகு

ஒரு கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றிதழ் வாங்குங்கள், கொடுத்து வைத்திருந்த வெற்றுக் காசோலைகளைத் திரும்பக் கேளுங்கள், தானாகப் பிடிக்கும் ஆணையை வங்கியில் ரத்து செய்யுங்கள். பாக்கியில்லாத கிரெடிட் கார்டை மூடக் கேட்டு ஏழு வேலை நாட்களில் மூடப்படாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்து, இன்னும் பாக்கி என்று இருந்தால் திருத்தக் கோரிப் புகார் அளியுங்கள். 30 நாட்களில் திருத்தப்படாவிட்டால் அதற்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. முடிந்த கடனுக்குக் கட்டிவந்த தவணைத் தொகையை முதல் மாதமே அடுத்த கடனின் தவணையோடு சேர்த்துவிடலாம், ஆனால் அதில் ஓராயிரத்தை மட்டும் திருவிழா, மொய் போன்றவற்றுக்கு ஒதுக்கிய 2,500-உடன் சேர்த்து வையுங்கள்.