கெயின் கொஞ்சம், மிட் தாராளம்

கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) முன்னால் முதல்முறை உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கெயின் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்பி, தாழ்ந்த ஒலிக்கான பேஸையும் உச்ச ஒலிக்கான ட்ரெபிளையும் ஏற்றி, நடு ஒலிக்கான மிட்டை அடியோடு இறக்கிவிடுவார்கள். தனியாக வாசிக்கையில் பிரமாதமாகத்தான் இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். உடனே வால்யூமைக் கூட்டுவார்கள். அதனாலும் பெரிய பலன் இருக்காது. நான் செட் செய்யும் வரிசையே வேறு.

கிட்டாரில் இருக்கும் வால்யூம், டோன் இரண்டையும் முழுசாகத் திறந்துவிடுங்கள். ரிவெர்ப் (அறை எதிரொலி), பெடல் (காலால் அழுத்தும் எஃபெக்ட் பெட்டி) எதுவும் இப்போது வேண்டாம். ஆம்ப்பில் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் கடிகார முள் 12-ஐக் காட்டுவதுபோல் நேராக நிற்கட்டும். கெயினை முழுக்க இறக்கி, மாஸ்டர் வால்யூமை மூன்றில் ஒரு பங்கு வைத்துக்கொண்டு, வாசித்தபடியே கெயினை மெல்ல ஏற்றுங்கள்.

ஆம்ப்பின் முதல் கட்டமான ப்ரீஆம்ப்புக்குள் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பது கெயின் வேலை. அதில் எவ்வளவை ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கு அனுப்புவது என்பது மாஸ்டர் வேலை. கெயின் ஏற ஏற, ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படும். டிஸ்டார்ஷன் என்பது அந்த வெட்டுதான். அளவுக்கு மீறி வெட்டினால், மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் வரும். கூடவே இரைச்சலும் ஏறும்.

அதனால் கெயினை அளக்க என் வலது கையைத்தான் நம்புவேன். மெல்ல மீட்டினால் சுத்தமாகவும், ஓங்கி அடித்தால் கரகரப்பாகவும் வருகிற இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் கனமான டிஸ்டார்ஷன் வேண்டுமா? ஆறு தந்தியிலும் ஒரு மைனர் கார்டை அடியுங்கள். சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்து கூழாகிவிட்டால் கெயின் அதிகம். கிட்டார் வால்யூமை 6-க்கு இறக்கியதும் ஒலி தெளிய வேண்டும்; தெளிந்தால் ஒரே செட்டிங்கில் ரிதமும் லீடும் வாசித்துவிடலாம்.

இனி டோன். ஃபெண்டர், மார்ஷல் போன்ற பழைய பாணி ஆம்ப்களில் இந்த மூன்று குமிழும் எதையும் கூட்டுவதில்லை, குறைக்க மட்டுமே செய்யும். ஒன்றைத் திருப்பினால் மற்ற இரண்டின் விளைவும் மாறும். ஃபெண்டர் பாணி ஆம்ப்பில் மூன்றும் நடுவில் நின்றாலே மிட் ஏற்கெனவே பள்ளமாகத்தான் இருக்கும். ஆகவே மிட் 8-ல் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிட்டார் மற்ற வாத்தியங்களைத் தாண்டிக் கேட்பது அந்த மிட்டால்தான். வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில் 'கட்' என்று ஒரு குமிழ் இருக்கும். அதைக் கூட்டினால் ட்ரெபிள் குறையும். தெரியாமல் திருப்பிவிட்டுக் குழம்பாதீர்கள்.

பேஸை இறக்க மனசு வராது, தெரியும். கிட்டாரின் கனத்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, பேஸ் கிட்டாருடையது 41-ல். கீழ்ப்பகுதியை பேஸ் கிட்டார் வாசிப்பவரிடம் விட்டுவிடுங்கள். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் மெலிந்த மாதிரி இருக்கும் ஒலிதான் குழுவில் சரியாக உட்காரும்.

எந்தச் சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்களோ அதே சத்தத்தில் செட் செய்யுங்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலியும் உச்ச ஒலியும் குறைவாகவே எட்டும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். படுக்கையறையில் கச்சிதமாக இருந்த பேஸ், மேடையில் குமுறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, ட்ரெபிள் ஸ்பீக்கரிலிருந்து நேர்கோட்டில் பாயும். தரையில் வைத்த ஆம்ப் உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. மந்தமாக இருக்கிறதே என்று நீங்கள் ட்ரெபிளை ஏற்ற, எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்ப்பை நாற்காலி மேல் ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்துக் காதுக்கு நேராகத் திருப்புங்கள். ப்ரெசன்ஸ் (உச்ச ஒலியின் கூர்மையைக் கூட்டும் குமிழ்) இருந்தால் கடைசியில் தொடுங்கள். பிக் தந்தியில் படும் 'டிக்' கேட்டால் போதும்.

எல்லாம் அமைந்ததும் குமிழ்களைப் போட்டோ எடுத்து வைக்கலாம். ஆனால் அடுத்த அறையில் கெயினுக்கு மட்டும் அந்தப் போட்டோ உதவும், பேஸை அங்கே புதிதாகத்தான் தேட வேண்டும்.