ஒன்ராறியோவில் வாடகை வீடு: உடைந்ததற்கு யார் காசு கொடுப்பது?

வீடு பார்க்கப் போன அன்றே "டமேஜ் டெப்பொசிட் ஐந்நூறு டொலர்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. வீட்டுக்காரர் முன்கூட்டி வாங்கக்கூடியது கடைசி மாத வாடகையும் சாவிக்கான சிறு தொகையும்தான். சாவிக் காசு புதுச் சாவி வெட்டும் செலவைத் தாண்டக் கூடாது, சாவியைக் கொடுத்ததும் திரும்பி வரவேண்டும். கடைசி மாத வாடகையில் "சுவரில் கீறல்" என்று சொல்லிக் கழிக்கவும் முடியாது. ஊரில் முற்பணத்தில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்களே, அந்த வழக்கம் இங்கே இல்லை.

உடைந்ததற்கு யார் பொறுப்பு என்பது அது எப்படிப் பழுதானது என்பதில் இருக்கிறது. பழசாகிப் பழுதானால் வீட்டுக்காரர். நீங்களோ, கூட இருப்பவரோ, நீங்கள் உள்ளே விட்ட விருந்தாளியோ வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ கெடுத்தால் நீங்கள். பிறந்தநாளுக்கு வந்தவர்கள் யன்னல் கண்ணாடியை உடைத்தாலும் பில் உங்கள் பெயரில்தான்.

வீட்டோடு தந்த பிரிட்ஜ், அடுப்பு, ஹீற்றர், கூரை ஒழுக்கு, மூட்டைப்பூச்சி எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். "பழுது என்று தெரிந்துதானே வந்தீர்கள்" என்ற பேச்சு எடுபடாது. "சின்னப் பழுதெல்லாம் வாடகைக்காரர் செலவு" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது. மங்கிய பெயின்ற், படம் மாட்டிய ஆணித் துளை, நடந்து தேய்ந்த கார்ப்பெட் சாதாரணத் தேய்மானம்.

எங்கள் ஆட்கள் மாட்டுப்படுவது பெரும்பாலும் குசினியில். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும், குளிர்காலக் குழாயோ அதைவிடக் குளிர். பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றினால் அது உறைந்து, தேங்காய்ப்பூவும் சோறும் அதில் ஒட்டிக் குழாயே அடைபடும். பிளம்பர் கழற்றி எடுக்கும் அந்த வெள்ளைக் கட்டி போதும், பில் உங்களுக்கு வர. எண்ணெயை ஆறவிட்டு, பேப்பர் டவலில் ஒற்றி, உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடுங்கள். தாளிக்கும்போது அலறுகிறது என்று புகை அலாரத்தின் பற்றறியைக் கழற்றுவது அதைவிடப் பெரிய பிழை. அது சட்டப்படி குற்றம். டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் ஹீற்றரைக் குறைக்கலாம், அணைக்கக் கூடாது. குழாய் உறைந்து வெடித்தால் அது உங்கள் கவனக்குறைவு.

சாவி கிடைத்த அன்று, சாமான் ஏற்றுமுன், வீடு முழுவதையும் வீடியோ எடுங்கள். சிங்கின் கீழ்ப்பக்கம், யன்னல் விளிம்பு, குளியல்தொட்டி ஓரம், பிரிட்ஜின் உட்புறம் எதையும் விடவேண்டாம். தரைக் கீறலின் பக்கத்தில் ஒரு டொலர் குற்றியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு ஈமெயிலில் அனுப்பினால் திகதியும் பதிவாகிவிடும்.

பிறகு வரும் பழுதையும் எழுத்தில்தான் சொல்லவேண்டும். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. செய்து தராவிட்டால் ரொறன்ரோவில் நகரசபையின் 311 எண்ணைக் கூப்பிட்டு நகரப் பரிசோதகரை வரவழைக்கலாம், வீட்டுக்காரர்-வாடகைக்காரர் வழக்குகளை விசாரிக்கும் வாடகைச் சபையில் (Landlord and Tenant Board) பழுதைத் திருத்தாததற்கான ரி6 (T6) விண்ணப்பம் போடலாம். ரி6க்கு ஒரு வருடக் கெடு உண்டு. கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். வாடகைப் பாக்கிக்கான என்4 (N4) அறிவித்தல் வந்தால், அதில் சொன்ன நாளுக்குள் பாக்கியைக் கட்டவேண்டும். பழுது அவருடையது, வெளியேற்றும் வழக்கு உங்கள் மேல் என்று ஆகிவிடும்.

நீங்கள் கெடுத்ததாக வீட்டுக்காரர் சொன்னால் வருவது என்5 (N5) அறிவித்தல். ஏழு நாளுக்குள் திருத்தினாலோ, நியாயமான செலவைக் கொடுத்தாலோ அந்த அறிவித்தல் ரத்து. ஆறு மாதத்துக்குள் இன்னொரு என்5 வந்தால் இந்த வாய்ப்பு இல்லை. நீங்கள் வீடு மாறிய பிறகும் ஒரு வருடத்துக்குள் அவர் வாடகைச் சபையில் எல்10 (L10) விண்ணப்பம் மூலம் நட்டம் கேட்கலாம். ஆகவே வீடியோவை அதுவரை அழிக்கவேண்டாம். பில் காட்டச் சொல்லுங்கள், பொருளின் வயதையும் கேளுங்கள். பன்னிரண்டு வருடக் கார்ப்பெட்டுக்குப் புதுக் கார்ப்பெட்டின் விலை நியாயமில்லை.

வீட்டுக்காரரின் காப்புறுதி கட்டிடத்துக்கு, உங்கள் சாமானுக்கு அல்ல. வாடகைக்காரர் காப்புறுதி எடுங்கள். உங்கள் அடுப்பால் பக்கத்து வீடு எரிந்தாலும் அதுதான் கைகொடுக்கும். பேஸ்மெண்டில் இருப்பவர்கள் கழிவுநீர் மேலே வருவதற்கான பாதுகாப்பு அதில் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் அது தனியாகச் சேர்க்கவேண்டியது.

ஸ்காபரோவில் அறை எடுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. அதே வீட்டில் வசிக்கும் வீட்டுக்காரரோடோ, அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடோ குசினியையோ குளியலறையையோ பகிரவேண்டும் என்பது ஏற்பாடானால் இந்தச் சட்டம் பொருந்தாது. டெப்பொசிட் தடையும் இல்லை, வாடகைச் சபையும் இல்லை. தனிக் குசினியும் குளியலறையும் உள்ள பேஸ்மெண்டுக்கு, கையெழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், பொருந்தும். பகிரும் வீடென்றால் எது உடைந்தால் யார் கொடுப்பது, டெப்பொசிட் எப்போது திரும்பும் என்பதை எழுதி, இருவரும் ஒப்பமிட்ட பிறகே காசைக் கொடுங்கள்.