பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா?

மூன்று வருடத்துக்கு முன்பு என் மகளுக்குச் செங்கமாரி வந்தது. மலையிலிருந்து வழிந்து வரும் பீலித் தண்ணீர்தான் எங்களுக்கு, ஆனாலும் வீட்டில் யாரும் அதைக் கொதிக்க வைக்காமல் பச்சையாகக் குடிப்பதில்லை. அதனால் முந்தின நாள் வடை வாங்கிய கடைதான் காரணம் என்று நினைத்தோம். அது தவறு. செங்கமாரியை நம் பக்கம் அதிகம் உண்டாக்கும் ஹெப்படைடிஸ் ஏ கிருமி உடம்புக்குள் போய் 15 முதல் 50 நாள் கழித்துத்தான் நோயைக் காட்டும். நேற்றைய சாப்பாட்டில் தேடிப் பயனில்லை.

வீட்டுக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் அடுப்பைப் பார்க்கவில்லை. குடத்தைப் பார்த்தார். அதன் மேல் கவிழ்த்திருந்த கோப்பையைக் காட்டி, "எல்லாரும் இதாலதான் அள்ளுறீங்களா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது இதுதான்.

1. வடித்தல். வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடியுங்கள். மழைக்குக் கலங்கி வந்தால் இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். துணி மண்ணையும் சருகையும்தான் பிடிக்கும். இந்தக் கிருமியை ஒரு மில்லிமீற்றருக்குள் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். துணியின் இழை அதைத் தடுக்காது.

2. கொதிக்க வைத்தல். ஓரத்தில் குமிழி வருவது கொதி அல்ல. தண்ணீர் புரண்டு கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம். கால் மணி நேரம் கொதிக்கவிட்டு ஈர விறகை வீணாக்க வேண்டாம்.

3. எடுத்து வைத்தல். நாங்கள் தவறிய இடம் இதுதான். நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி, இன்னொருவரின் வாய் வழியாக உள்ளே போகிறது. பீலிக்கு மேலே இன்னொரு லயமும் கக்கூஸ் குழியும் இருந்தால் தண்ணீரிலேயே வந்துவிடும். அதைக் கொதி கொன்றுவிடுகிறது. ஆனால் ஆறிய தண்ணீருக்குள் கழுவாத கை ஒன்று போனால் கொதிக்க வைத்த உழைப்பு அத்தனையும் போச்சு. கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு கிழமை முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பதால், நன்றாக ஓடியாடும் பிள்ளையின் கையிலும் கிருமி இருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றே அந்தக் கோப்பையை எடுத்துவிட்டேன்.

என் தெரிவு கேத்தல்தான். கொதித்த கேத்தலிலேயே மூடி ஆறவிட்டு, மூக்கு வழியாக ஊற்றிக் குடிக்கலாம். கை உள்ளே போக வழியே இல்லை. ஆட்கள் அதிகம் என்றால் மூடியும் குழாயும் உள்ள வாளி வாங்குங்கள். கிழமைக்கு ஒரு தடவை சவர்க்காரம் போட்டு, குழாயின் உட்பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். அழகான செப்புக் குடமானாலும் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தால் எனக்கு வேண்டாம்.

4. கை. கக்கூஸ் போய் வந்ததும், சமைக்கவும் சாப்பிடவும் முன்பும் 20 விநாடி சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். சவர்க்காரம் கிருமியைத் தோலிலிருந்து கிளப்பிவிடும், ஓடும் தண்ணீர் அதைக் கொண்டுபோகும். கையில் தடவும் ஜெல் இந்தக் கிருமிக்கு அவ்வளவு வேலை செய்யாது. காசும் கூட.

பின்சேர்க்கை 1: "நுவரெலியாவில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே, கிருமி சாகுமா?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். ஹெப்படைடிஸ் ஏ கிருமி 85 பாகையில் ஒரு நிமிடத்தில் செயலிழந்துவிடும். அதனால் பயம் வேண்டாம். 2000 மீற்றருக்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

பின்சேர்க்கை 2: மலையில் கொழுந்து எடுக்கும்போது சாப்பாட்டுக்கு முன் எப்படிக் கை கழுவுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரு லீற்றர்ப் பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் சூடான ஊசியால் நாலைந்து ஓட்டை போடுங்கள். தண்ணீர் நிரப்பி, சவர்க்காரத் துண்டொன்றைப் பழைய காலுறையில் போட்டுப் போத்தல் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் போத்தலைக் கவிழ்த்து அமுக்க, மற்றவர் கழுவலாம். நாலு பேர் கழுவ ஒரு போத்தல் போதும்.